பெரட்டுக் களத்திலிருந்து பேரவைக்கு

“படிக்கப் போற எடத்துல படிப்ப மட்டும் பாரும்மா. சங்கம், மன்றம்னு சுத்தாத.”

மூன்று ஆண்டுகளுக்கு முன், கோலசிலாங்கூரை அடுத்த புக்கிட் பெலிம்பிங்கில், செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டேன். காரின் பின்பக்கத்தில் தலையணை, குட்டிக் குக்கர், புது வாளி, மாங்காய் ஊறுகாய்ப் போத்தல், இரண்டு பெரிய பைகள். அந்தக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற முதல் பிள்ளை அவள். தாத்தா பால் மரம் வெட்டியவர். அப்பா லோரி ஓட்டுகிறார். உறவு முறையில் எனக்கு அக்காவான அவள் அம்மா, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு நேராக வந்து நிற்கிறார். கண்ணில் தூக்கமும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. பிள்ளை “சரிம்மா” என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டது.

அக்கா சொன்ன அதே வார்த்தைகளை ஜெராமில் கேட்டிருக்கிறேன், பெஸ்தாரி ஜெயாவில் கேட்டிருக்கிறேன், தஞ்சோங் காராங்கில் கேட்டிருக்கிறேன். என் அம்மாவும் என்னை அனுப்பும்போது இதைத்தான் சொன்னார். இந்த வாரச் சிறப்புக் கட்டுரையை அந்த அம்மாக்களுக்கும், தலையாட்டிவிட்டுக் காரில் ஏறுகிற பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

அக்காவின் பயத்தில் பிழையில்லை. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனில் படிக்கிற பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் ஒரு பருவம் நீளும். பருவம் நீண்டால் கடனும் நீளும். சங்கம் சங்கம் என்று அலைந்து படிப்பைக் கோட்டைவிட்ட பையனின் கதை ஒவ்வொரு தாமானிலும் ஒன்றாவது இருக்கும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்த ஒரு பிள்ளையின் மேல் மூன்று தலைமுறை ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்: அக்கா சொன்னது பாதி சரி. மீதிப் பாதி என்ன என்பது அவர் வீட்டு அலமாரியின் மேலேயே இருந்தது.

பிள்ளையை வழியனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தாத்தாவின் பேச்சு வந்தது. அக்கா ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக் கீழே வைத்தார். உள்ளே அடையாள அட்டை, தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, அவற்றுக்கு அடியில் சிவப்புத் துணி ஒட்டிய நீளமான கணக்குப் புத்தகம். தோட்டத்து இளைஞர் மணிமன்றத்தின் கூட்டக் குறிப்பு அது. தாத்தா அதன் செயலாளர். ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஒரு பக்கத்தைப் புரட்டினேன். வருகை 31 பேர். சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டது. திருத்தம்: பந்து வாங்கிய செலவு 4 வெள்ளி 50 காசு, 4 வெள்ளி அல்ல. அதற்குக் கீழே முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர். பக்கத்தின் அடியில் தலைவரின் கைரேகை. தலைவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது போல. ஆனாலும் ஐம்பது காசு பிசகைத் திருத்தாமல் அந்தக் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போகவில்லை.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, பெயரைக் கூப்பிட்டால் “ஆஜர்” என்று மட்டும் சொல்லப் பழக்கப்பட்டவர்கள், அன்று மாலை அதே களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, “நான் வழிமொழிகிறேன்” என்று சொன்னார்கள். அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். 1941இல் ஆர்.எச். நாதனின் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொல்லும் கோரிக்கையும் இருந்தது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைத் தாண்டிப் போகும் உரிமைக்காகக் கூலியை இழந்து நின்ற சமூகம் இது.

அந்தச் சிவப்புப் புத்தகம் எங்கிருந்து வந்தது? 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, பிள்ளைகள் எழுதிப் பழக மாணவர் மணிமன்றம் என்று தம் ஏட்டில் இடம் ஒதுக்கினார். 1952இல் தமிழர் திருநாளையும் அவர்தான் தொடங்கிவைத்தார். ஏட்டில் எழுதிய பிள்ளைகள் வளர்ந்து, ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் மணிமன்றம் கண்டார்கள். நாடகம் போட்டார்கள், பந்து விளையாடினார்கள், பட்டிமன்றம் வைத்தார்கள், கையெழுத்து ஏடு நடத்தினார்கள். இவற்றைவிடப் பெரிதாக நான் நினைப்பது வேறொன்று: கூட்டம் கூட்டவும், கணக்குக் காட்டவும், ஒத்துப்போகாத ஆளோடு ஒரே மேசையில் உட்காரவும் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் சொல்லித் தராத பாடம் அது.

அப்படிப் பழகியவர்கள்தான் பல்கலைக்கழகத்தின் கதவையும் தட்டினார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலம். இந்திய ஆய்வியல் துறை அமையப் போகிறது, அதில் தமிழுக்கு முதலிடமா சமஸ்கிருதத்துக்கு முதலிடமா என்ற கேள்வி எழுந்தது. சாரங்கபாணி “தமிழ் எங்கள் உயிர்” என்ற முழக்கத்தோடு நிதி திரட்ட இறங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால் வெட்டுகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் கொடுத்தார்கள். அந்த நிதி பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களாக நின்றது. 1956இல் துறை தொடங்கியது. 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகள் அத்துறைக்குத் தலைவராக இருந்தபோது, 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில்தான் கூடியது. பந்தாய் வேலியில் இருக்கும் அந்த வளாகத்துக்குள் முதன்முறை நுழைகிற தோட்டத்துப் பிள்ளை, யாரோ கட்டிய வீட்டுக்கு விருந்தாளியாகப் போகவில்லை. தாத்தாவின் ஒரு வெள்ளி அங்கே இருக்கிறது.

இப்போது அலமாரி மேலிருந்த புத்தகத்துக்குத் திரும்புவோம். அதில் கடைசிக் குறிப்பு பாதிப் பக்கத்தோடு நின்றுவிட்டது. காரணம் எழுதப்படவில்லை, எழுதத் தேவையும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது. லயங்கள் காலியாயின. ஒரே களத்தில் கூடிய முப்பது குடும்பங்களும் ஷா ஆலாம், கிள்ளான், ராவாங் என்று ஆளுக்கொரு மூலைக்குப் பிரிந்தன. தோட்டம் போனதோடு வீடும் வேலையும் போயின என்பதை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கூட்டம் நடத்தும் பழக்கமும் போயிற்று என்பதை யாரும் அவ்வளவாக எழுதவில்லை. இன்று பத்தொன்பது வயதாகும் நம் பிள்ளை, தாத்தாவுக்குப் பதினேழு வயதில் கிடைத்த அந்தப் பயிற்சியைப் பெற வேண்டுமென்றால், எஞ்சியிருக்கிற ஒரு பெரிய இடம் பல்கலைக்கழக மன்றம்தான். அதனால்தான் “சங்கம், மன்றம்னு சுத்தாத” என்ற வார்த்தை என்னை உறுத்துகிறது.

எனக்கு அது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் எங்கள் பண்பாட்டுச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். பொங்கல் விழா நடத்த வேண்டும். அதற்கு ‘கெர்த்தாஸ் கெர்ஜா’ எழுத வேண்டும் என்றார் மூத்த மாணவி ஒருவர். நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை அது. பின்னணி, நோக்கம், ஏற்பாட்டுக் குழு, உத்தேசச் செலவு, ‘தெந்தாத்திஃப்’ என்று எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி நிரல், எல்லாம் மலாயில், எல்லாம் அவர்கள் சொல்லும் வரிசையில்.

முதல் தடவை கொண்டுபோனேன். நோக்கம் தெளிவில்லை என்று திரும்பி வந்தது. “பொங்கல் கொண்டாடுவது” என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். எங்களுக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் தேவை? இரண்டாம் தடவை, செலவுக் கணக்கில் கூட்டல் பிழை. கரும்பு வாங்கும் தொகையை இரண்டு இடத்தில் சேர்த்திருந்தேன். மூன்றாம் தடவை, திறந்த வெளியில் நெருப்பு மூட்டுவதற்குப் பாதுகாப்புப் பிரிவின் கடிதம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மையார் முகம் சுளிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தாளைத் தள்ளினார், அவ்வளவுதான். அன்று விடுதிக்கு நடந்துபோகும்போது அழுதேன். போங்கடா என்று விட்டுவிடலாம் போல இருந்தது.

விடவில்லை. அறைத்தோழி கிளந்தான்காரி, அவளை உட்கார வைத்துப் பொங்கல் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொன்னேன். அறுவடை, சூரியன், மாடு, புதுப்பானை, பால் பொங்கும்போது கூவுகிற சத்தம். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, நோக்கம் என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டியது எனக்கே விளங்கியது. நான்காம் தடவை முத்திரை விழுந்தது. விழாவன்று அவளும் ஒரு பானைக்கு விறகு தள்ளினாள். இருபது ஆண்டுகளாக நான் பார்க்கும் எழுத்து வேலையில், ஒரு விஷயத்தைத் தெரியாத ஆளுக்கு எப்படிச் சொல்வது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நான்கு தடவை நடைதான். எந்த விரிவுரையிலும் அது கிடைக்கவில்லை.

சங்கத்தில் சேர்வதால் வேலை கிடைக்குமா, விடுதியில் இடம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சுருக்கமானது. இந்நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு மதிப்பெண் இருக்கிறது. உள்ளே போன பிறகு, அடுத்த ஆண்டு விடுதி அறை கிடைக்க நடவடிக்கை மெரிட் பல இடங்களில் கணக்கில் வருகிறது. தோட்டத்திலிருந்தும் சிற்றூரிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு வளாகத்துக்குள் அறை கிடைப்பது சின்ன விஷயமில்லை. வெளியே வாடகை கொடுக்க வீட்டில் பணமில்லை. இது ஒரு பலன்தான். மெரிட்டுக்காக மட்டும் சேர்ந்து, பெயரைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு வராதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறை கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

ஒரு சங்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா, தம்மைச் சுற்றியிருந்த பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். வார இறுதியில் விடுதியில் தூங்க வேண்டிய பிள்ளைகள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் போய்ப் பாடம் நடத்தினார்கள். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளியிலும் நாற்காலி போட்டு, எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளுக்குக் கணிதமும் வரலாறும் சொல்லிக் கொடுத்தார்கள். நிலையம் நாடு முழுதும் கிளைவிட்டது. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை என்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒன்றுகூடும் வழக்கமும் அதிலிருந்து வந்தது. அங்கே படித்த பிள்ளை பல்கலைக்கழகம் போய், திரும்பி வந்து அங்கேயே வகுப்பெடுத்தது. அந்தச் சங்கிலியில் எத்தனை மருத்துவர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் இணைந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள், ஒருவராவது அகப்படுவார்.

எழுத்துக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் நடத்தும் சிறுகதைப் போட்டியில் வெல்கிற கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாகத் தொகுக்கப்பட்டு வந்திருக்கின்றன. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர் அந்தத் தொகுதிகளைத் தாண்டிப் போக முடியாது. இருபத்தொரு வயது மாணவர்கள் கதை வரவழைத்து, நடுவர்களைப் பிடித்து, மெய்ப்புப் பார்த்து, அச்சகத்துக்கு நடந்து, மேடை போட்டு வெளியிடுகிறார்கள். பதிப்புத் தொழிலின் அரிச்சுவடி முழுவதும் அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அம்மாக்களின் பயத்தில் ஒரு பங்கு அங்கிருந்தும் வருகிறது.

1960களில் மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் மிகுந்த பலத்தோடு இருந்தது. 1969 பொதுத்தேர்தலுக்கு முன் மாணவர்கள் தங்களுக்கென ஒரு கொள்கை அறிக்கை எழுதி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. ஆவுக்கு என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1974இல் ரப்பர் விலை சரிந்து பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் பட்டினியில் தெருவுக்கு வந்தபோது, அவர்களுக்காக டிசம்பரில் கோலாலம்பூரில் கூடிய மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பால் விலைக்காகப் பட்டணத்துப் பிள்ளைகள் சிறைக்குப் போனது நம் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு நினைவிருந்தது. அடுத்த ஆண்டே சட்டம் இறுகியது. அரசியல் கட்சியோடும் தொழிற்சங்கத்தோடும் மாணவர் தொடர்பு வைக்கக்கூடாது என்றானது. சங்கம் தன் விருப்பப்படி பணம் திரட்டக்கூடாது, வைத்திருக்கக்கூடாது என்றும் ஆனது. “சங்கத்துக்குப் போனா போலீஸ் வரும்” என்று பெற்றவர்கள் சொன்னது வெறும் கற்பனையில் பிறந்ததில்லை.

அந்தக் கட்டு தளர்ந்த கதையில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. 2010 ஏப்ரலில் ஹூலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தபோது, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் துறை மாணவர்கள் நால்வர் பிரசார நேரத்தில் அங்கே இருந்தார்கள் என்று அவர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. அரசியல் படிக்கிற பிள்ளைகள் தேர்தலைப் பார்க்கப் போனது குற்றமானது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டப்பிரிவு அரசியலமைப்பு தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர்கள் கட்சிகளில் உறுப்பினராகலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள்ளும் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தம் நிறைவேறியது. 2024இல் வந்த திருத்தம் மாணவர் அமைப்புகள் தங்கள் நிதியைத் தாங்களே நிர்வகிக்க வழிவிட்டது.

இந்தக் கடைசித் திருத்தத்தை மற்றவர்கள் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நம் பல்கலைக்கழகங்களில் பொருளாளர் என்று ஒரு பதவி இருந்தது, பொருள் அவர் கையில் இல்லை. பந்து வாங்கிய ஐம்பது காசைத் தோட்டத்துக் கொட்டகையில் திருத்தினார்கள். பட்டப்படிப்புப் படிக்கிற பிள்ளைகளை நம்பிப் பணத்தைக் கொடுக்கவில்லை. இப்போது கதவு திறந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதில் நுழைய வேண்டும். ஆகவே என் யோசனை: தலைவர் பதவிக்கு முட்டி மோத வேண்டாம், செயலாளர் அல்லது பொருளாளர் பதவியைக் கேட்டு வாங்குங்கள். மாலை தலைவருக்கு விழும். வேலையைக் கற்றுக்கொள்வது இந்த இருவர்தான். பெண் பிள்ளைகளைச் செயலாளராகவும் ஆண் பிள்ளைகளைத் தலைவராகவும் போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. செயலாளராக ஓராண்டு இருந்த பெண்ணே அடுத்த ஆண்டு தலைவர் பதவிக்குத் தகுதியான ஆள் என்பதை அந்தச் சங்கங்கள் உணர வேண்டும்.

நம் சங்கங்களிடம் எனக்கு மனக்குறையும் உண்டு. அன்பால் சொல்கிறேன். கலை இரவு என்று அறிவித்துவிட்டு, மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகிற நிகழ்ச்சிகள் அதிகமாகிவிட்டன. ஆட்டத்தில் தப்பில்லை. ஆனால் அந்த மேடையில் ஆடுகிற பிள்ளையின் பாட்டிக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் தெரியும், மாமாவுக்கு உறுமி வாசிக்கத் தெரியும், பெரியப்பா தோட்டத்து நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர். அவர்களை யாரும் கேட்பதில்லை.

1960களில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கேட்டார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை, ‘நாட்டுப்புறத்தான் ஆட்டம்’ என்று படித்தவர்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம். அவர் கிராமத்துக் கூத்து ஆசானான அண்ணாவியாரை வளாகத்துக்கு வரவழைத்து, மாணவர்களுக்குக் காலடி போடக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. இரவு முழுவதும் நடக்கிற கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் நவீன அரங்குக்கு ஏற்றபடி வார்க்கப்பட்டது. இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் கூத்தின் பேராசிரியர்களில் ஒருவராக அறியப்பட்டவர். ஊரில் கூச்சப்பட்டு மறைத்த ஒன்றை வளாகத்தில் நெஞ்சு நிமிர்த்தி ஆடினார்கள். ஈழத் தமிழரின் அரங்க வரலாறே அதனால் திரும்பியது. கோலசிலாங்கூர்ப் பிள்ளை ஒருத்தி தன் மாமாவை அழைத்துவந்து உறுமி மேளத்தைப் பத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தால் போதும், நம் கதையும் தொடங்கிவிடும்.

இன்னொரு குறை, நாம் நமக்குள்ளேயே இருந்துவிடுவது. இந்தியர் சங்கம், இந்து சங்கம், தமிழ்க் கழகம் மூன்றிலும் அதே பன்னிரண்டு பேர். ஒரே பொங்கலை மூன்று தரம் கொண்டாடுகிறார்கள். விடுதிச் செயற்குழுவில், எம்.பி.பி. என்கிற மாணவர் பிரதிநிதித்துவ மன்றத்தில், கல்லூரி நூலகக் குழுவில் நம் முகம் அரிதாக இருக்கிறது. சைவ உணவுக் கடை வேண்டும், தீபாவளிக்கு மறுநாள் தேர்வு வைக்காதீர்கள் என்ற கோரிக்கைகளைத் தமிழ்ச் சங்கத்துக்குள் பேசி என்ன பயன்? அதைத் தீர்மானிக்கிற மேசையில் ஆள் வேண்டும். எனவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதல் பருவத்தில் ஒரே ஒரு மன்றம். படிப்பின் வேகம் பிடிபட்ட பிறகு இரண்டாவது, அது நம்மவர் அல்லாதவர்கள் நிறைந்த இடமாக இருக்கட்டும். மூன்றாவது வேண்டாம். புள்ளி சரிந்தால் ஒன்றைக் கைகழுவுங்கள், வெட்கமில்லை. அக்காவின் பாதி உண்மையை அப்படித்தான் காப்பாற்ற முடியும்.

பெரிய பட்டணத்துக்குப் போனால்தான் இதெல்லாம் என்பதில்லை. நம் மாவட்டத்துக்குள்ளேயே பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வடக்கே மாநில எல்லை தாண்டினால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய அவ்வளாகத்தில் தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள்.

மன்றங்கள் நம் ஊர் தேடியும் வருகின்றன. புக்கிட் பெலிம்பிங்கில் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினி மொய்ப்பதைப் பார்க்க மாணவர் சங்கங்கள் பேருந்து பிடித்து வருவதுண்டு. இருட்டிய பிறகுதான் மின்மினி. பிள்ளைகள் மதியமே வந்து இறங்கி, கடையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கூப்பிடு தூரத்துத் தாமானில் எஸ்.பி.எம். கணிதத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அவர்களோடு உட்காருங்கள். ஏழரைக்குப் படகேறலாம். மின்மினி காத்திருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் காரில் ஏறிய அந்தப் பிள்ளை அம்மாவின் பேச்சை முதல் பருவம் முழுக்கக் கேட்டது. இரண்டாம் பருவத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒரு கூட்டத்துக்குப் போனது. போன ஆண்டு தன் சங்கத்தில் பொருளாளர். நன்கொடைக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கினாளாம். ஏழு கடைக்காரர்கள் பிறகு பார்க்கலாம் என்றார்கள், எட்டாமவர் பாதிக் கடிதத்தைப் படித்துவிட்டு எந்தத் தோட்டம் என்று கேட்டு நூறு வெள்ளி கொடுத்தார். வீட்டுக்குத் தெரிந்தபோது அக்கா இரண்டு நாள் பேசவில்லை. புள்ளிப் பட்டியலைப் பார்த்த பிறகு பேசினார்.

இந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் ஊர் மாரியம்மன் கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டம். நானும் போயிருந்தேன். சங்கப் பதிவு இலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, செயலாளருக்கு உடம்புக்கு முடியவில்லை, குறிப்பெழுத ஆளில்லை. தலைவர் சுற்றிப் பார்த்தார். “எம்மா, நீதான் யூனிவர்சிட்டில இதெல்லாம் பாக்குறியாமே, இப்டி வந்து ஒக்காரு” என்றார். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த மேசையின் ஓரத்தில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுக்கவில்லை. கோயில் கணக்குப் புத்தகத்தை வாங்கி, தேதி எழுதி, தலைகளை எண்ணி, வருகை 23 பேர் என்று எழுதினாள். சென்ற கூட்டக் குறிப்பை உரக்க வாசித்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா கையைத் தூக்கினார். சிலர் சலித்துக்கொண்டார்கள், மணி ஒன்பதாகிவிட்டது என்றார்கள். அவள் பேனாவை நிறுத்தி, “சொல்லுங்க தாத்தா” என்றாள். அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு குனிந்து எழுதினாள்.

திருத்தம்: திருவிழாவுக்குப் பூ வாங்கிய செலவு 86 வெள்ளி, 68 வெள்ளி அல்ல.